எங்கள் மரம் இரண்டாம் பிரிவுக்குப் போன கதை

மரத்தை வெட்டுவது என்று எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்றால் என் வீட்டுக்காரரின் மனது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டாவது ஆள் அப்போது அடுப்படியில், பால் பொங்கி வழிந்துவிடுமோ என்று பயந்துகொண்டு நின்றாள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா, மாடிக் கதவைப் பூட்டினேனா, குழாயில் சொட்டுவது நம் வீட்டிலா அடுத்த வீட்டிலா என்று ஏதாவது ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும். மகள் கல்யாணமாகி வெளிநாடு போன விமானம் பத்திரமாக இறங்கியதா என்றுகூட இன்னும் ஒரு கவலை உண்டு. அது இறங்கி நாலு வருஷம் ஆகிறது என்று அவர் ஞாபகப்படுத்துவார். அந்த ஒரு விஷயத்தைத்தான் அவர் தானாக வந்து என்னிடம் பேசுவார்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் விதிமுறைப் பிரிவுக்கு மேலாளராக இருந்தவர். அலுவலகம் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. அவர் விதிமுறைகளுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பால்காரர் ரசீது தர வேண்டும். பேப்பர் போடுகிறவர் தாமதமாக வந்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத தெருவில்கூட இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி முதல் பக்கம் பார்த்து, அப்புறம்தான் கடப்பார். அதற்குள் ஆள் வந்துவிடும்.

தீர்மானத்துக்குக் காரணம் கார். ஓய்வு பெற்றதும் வாங்கியது. வாரத்துக்கு ஒருமுறை கடைத்தெரு வரை போய் வரும். ஆனால் தினமும் குளிக்கும். அது நிற்கிற இடத்துக்கு மேலே எங்கள் தூங்குமூஞ்சி மரம். பெயர்தான் தூங்குமூஞ்சி. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து காரின் மேல் இலையைக் கொட்டும். இலை முடிந்தால் பூ, பூ முடிந்தால் பிசுபிசுவென்று காய். மிச்ச வேலையைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். அவை வேண்டுமென்றே செய்கின்றன என்பது அவர் கட்சி. காருக்கு ஓர் உறை வாங்கினார். அப்புறம் காரோடு உறையையும் கழுவ வேண்டியதாயிற்று.

மரத்துக்கு வேர் எங்கள் வீட்டில், நிழல் தெருவில். அங்கேதான் என் கதை இருக்கிறது.

பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். உள்ளே நாலு நாற்காலிதான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள், கூட்டிப்போக ஆள் வரும்வரை எங்கள் மர நிழலில் வந்து நிற்பார்கள். வாயில் பஞ்சு இருக்கும். அரை மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். நான் கேட்டுக்கு உள்பக்கம் துடைப்பத்தோடு நிற்பேன்.

வாயில் பஞ்சு வைத்தவர்கள் தங்கமானவர்கள். நடுவில் குறுக்கிட மாட்டார்கள். "இதை நேத்தே சொன்னீங்க" என்று சொல்ல மாட்டார்கள். "உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்க மாட்டார்கள். தலையை ஆட்டுவார்கள். மகளைப் பற்றிச் சொல்வேன், முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வேன், குழாயில் சொட்டுவதைப் பற்றிச் சொல்வேன். ஒரு லாரி டிரைவர், மகள் போன பிறகு நான் மூன்று பேருக்குச் சமைத்துவிடுகிற கதையைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார். பல் வலியாகவும் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் அவர்கள் எதிர்ப்புறம் மருந்துக்கடைக் கூரையின் கீழ் போய் நின்றுகொள்வார்கள். துடைப்பத்தோடு ரோட்டைக் கடந்து போய் யாராவது பேசுவார்களா? வாசலைப் பெருக்க ஒரு எல்லை இருக்கிறது.

இதை அவரிடம் சொல்லவும் முடியாது. மரம் போனால் எனக்குப் பேச ஆள் இல்லை என்றால், ஏன், நான் இல்லையா என்று கேட்டுவிடுவார். அதற்கு என்ன பதில் சொல்வது? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வீட்டில் எதற்குச் சண்டை?

அதனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது, நகராட்சியில் கேட்க மாட்டார்களா என்று மட்டும் மெதுவாகக் கேட்டு வைத்தேன்.

அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று மேஜையில் இருந்ததையெல்லாம் நகர்த்தினார். உப்புச் சாடி சொந்த வீடு. தண்ணீர் ஜாடி வாடகை வீடு. ஊறுகாய் பாட்டில் கடை, கிளினிக் வகையறா. தட்டின் மேல் தட்டு அடுக்கினால் அடுக்குமாடி. கரண்டி மரம்.

கரண்டியை முதலில் ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வைத்தார். கடையோ கிளினிக்கோ இருக்கிற மனையில் மரத்தைத் தொட வேண்டுமென்றால் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். அப்படியே வெட்டினாலும் பதிலுக்கு வேறு மரம் நட்டுக் காட்ட வேண்டும். அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடிக் கையைத் தூக்க வேண்டும். அது இந்த ஜென்மத்தில் நடக்காது என்றார். வாடகைக்கு விட்ட வீடென்றால் அனுமதி வாங்க வேண்டும், குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும், மரத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், தெருவில் போகிறவன்கூட ஆட்சேபம் சொல்லலாம். வேலிக்கு வெளியே நிற்பது நகராட்சியின் மரம். அதில் குச்சி ஒடித்தாலும் அபராதம். சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல உப்புச் சாடி பக்கத்தில் வைத்தார்.

"இது நாம. முதல் பிரிவு. சொந்த வீடு, நாமளே குடியிருக்கோம், வேலிக்குள்ள மரம். போய் ஒரு தகவல் குடுத்தாப் போதும், அனுமதியே வேண்டாம். இந்தத் தெருவுலயே முதல் பிரிவு நாம மட்டும்தான்."

ரயிலில் முதல் வகுப்பில் போகிறவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பேசியதுபோல என்னிடம் பேசி வருஷக்கணக்காகிறது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் மரத்தை வெட்டுவது பற்றிப் பேசுகிறார் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

மறுநாள் நான் களத்தில் இறங்கினேன். அடிமரம் பருத்து வேலியைத் தாண்டிவிட்டது போலிருக்கிறதே, இனிமேல் அது நகராட்சியுடையது இல்லையா என்று கேட்டேன். டேப்பை எடுத்து வந்து அளந்தார். ஒரு சாண் உள்ளேதான் நின்றது. மரத்துக்கும் அவரிடம் பயம் போல.

பல் டாக்டரிடம் போய் முறையிட்டேன். நிழல் போனால் உங்கள் நோயாளிகளுக்குத்தானே கஷ்டம், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். கிளினிக் இருப்பதால் தான் மூன்றாம் பிரிவு என்றும், புகார் என்று கிளம்பினால் அதிகாரி வந்து தன் வீட்டு மரம், தன் பெயர்ப் பலகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார் என்றும் சொன்னார். ஊரில் இருப்பவர்களையெல்லாம் வாயைத் திறக்க வைக்கிறவர், தன் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

கிளினிக்கை விட்டு வெளியே வந்தால், அங்கே உதவியாளராக இருக்கிற பெண் எங்கள் மரத்தடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வருகிறாள் என்றும் பக்கத்தில் ஒரு ரூம் கிடைத்தால் தேவலை என்றும் டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். நான் அவளையே பார்த்தேன். அப்புறம் எங்கள் மாடியைப் பார்த்தேன். மகளின் ரூம். மூடிய ஜன்னல். என் மனசுக்குள் உப்புச் சாடி மெதுவாக நகர்ந்து தண்ணீர் ஜாடி பக்கத்தில் போய் நின்றது.

ஆனால் வாடகைக்கு விடலாம் என்று நான் சொன்னால் அவர் காரணம் கேட்பார். காரணம் கேட்டால் நான் உளறிவிடுவேன். அவரே அவளை வாடகைக்கு வைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, வாடகையே வேண்டாம் என்று நான் சொல்வதுதான்.

"மேல் ரூம் சும்மாதானே கிடக்கு, அந்தப் பொண்ணு தங்கிக்கட்டுங்க" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கற பொண்ணு. நமக்குச் சொந்தம் மாதிரிதான்."

"சொந்தமா, மாதிரியா?"

"மாதிரி."

"மாதிரின்னு ஒரு உறவு எந்தச் சட்டத்துலயும் கிடையாது."

"சட்டம் எதுக்குங்க இதுக்குப் போய்? வாடகை வேண்டாம், எழுத்து வேண்டாம். வாயால சொன்னாப் போதும். சும்மா இருந்துட்டுப் போகட்டும்."

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பேப்பரை மடித்தால் எதிரி காலி என்று அர்த்தம். சும்மா இருக்க வைத்தவன் எல்லாம் வீட்டை விட்டுக் கோர்ட்டில் இருக்கிறான் என்றார். எழுத்து இல்லாமல் ஓர் எறும்புகூட இந்த வீட்டில் ராத்தங்கக் கூடாது, வாடகை கொடுத்து ஒப்பந்தம் போட்டால்தான் அவள் வரலாம் என்றார். என் இரக்க குணத்தால்தான் நாடு இந்த நிலைமையில் இருக்கிறது என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்தால் குனிந்துகொள்வதுதான் என் வழக்கம். பயம் வந்தாலும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் அவருக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

ரூமை ஒழிக்க வேண்டியிருந்தது. மகளுக்குப் போன் செய்து, உன் ரூமைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வாள், சொன்னால் என்ன செய்வது என்று முந்தின நாளெல்லாம் கவலைப்பட்டிருந்தேன்.

"குடுங்கம்மா, சும்மாதானே கிடக்கு" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்ன அதே வார்த்தைதான். ஆனாலும் அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரி இழுப்பறையில் ஒரு தலைமுடிக் கிளிப்பும், ஜோடி இல்லாத ஒரு தோடும் கிடந்தன. எடுத்து என் பீரோவில் வைத்துக்கொண்டேன்.

அவர் ஒப்பந்தம் எழுதினார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, படிகளில் தடதடவென்று இறங்கக்கூடாது, ஈரத்துணியைக் கார் இருக்கும் திசையில் உதறக்கூடாது என்று எழுத எழுத அவருக்கு வயது குறைந்தது. ஒரு வருஷம் முடிவதற்குள் இரண்டு பேரும் பின்வாங்கக்கூடாது என்று ஒரு ஷரத்தும் போட்டார். அந்தப் பெண் ஓடிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. குடிவைத்தவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி. இந்த ஊரில் யாரும் செய்வதில்லை. அவர் செய்தார். வெயிலில் வரிசையில் நின்று பதிந்துவிட்டு, பரிசு வாங்கியவர் மாதிரி வந்தார்.

அந்த நாட்களில் என் உயிர் என்னிடம் இல்லை. நடுவில் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டால்? சாப்பாட்டு மேஜையில் உப்புச் சாடியையும் தண்ணீர் ஜாடியையும் ஒன்றாக வைப்பதையே விட்டுவிட்டேன். தண்ணீர் ஜாடி இருந்தால் உப்பு அடுப்படியில் இருக்கும். உப்பு வந்தால் ஜாடி போய்விடும். என்ன இது புதுப் பழக்கம் என்று கேட்டார். உப்பில் ஈரம் ஏறுகிறது என்றேன்.

கடைசியில் அந்தக் காலையும் வந்தது. மரம் வெட்டுகிறவர் கயிறும் ரம்பமுமாக வந்து இறங்கினார். தகவல் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை மரத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் நகராட்சிக்குப் போனார். மரம் வெட்டுகிறவர் மரத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். நல்ல குளிர்ச்சி என்றார். நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒருவேளை அங்கே இருக்கிறவர்கள் வாடகைப் பதிவைப் பார்க்காமல் விட்டுவிட்டால்?

அவர் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காரைப் பார்க்காமல் உள்ளே போனார். அப்போதே தெரிந்துகொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நாம இப்ப ரெண்டாம் பிரிவாம்" என்றார்.

"அப்படின்னா?"

"வாடகைக்கு ஆள் இருக்கற வீடு. அந்தப் பொண்ணோட சம்மதம் வேணும். இல்லாம மனுவையே வாங்க மாட்டான்."

"அடடா. அவளை யாருங்க வாடகைக்கு வெச்சது?"

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றார்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள், போய் வெட்டிக்கொள்ளுங்கள் சார் என்றிருக்கிறார். அவ்வளவுதான். பொறுப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று என் வீட்டுக்காரர் அவரைப் பிடித்து உலுக்கி, இரண்டாம் பிரிவுக்கான விதிகளை அவருக்கே ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார். திறந்திருந்த ஒரே ஜன்னலையும் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் வேலை முடிந்து வந்தாள். அவர் மாடிப்படியின் கீழே நின்று, முறைப்படி, மரத்தை வெட்டுவதற்குக் குடியிருப்பவர் என்ற முறையில் சம்மதம் உண்டா என்று கேட்டார். நான் அவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மரத்தை வெட்டிட்டா மத்தியானம் நான் எங்க சார் உக்காந்து சாப்பிடறது?" என்றாள்.

"அப்ப சம்மதம் இல்ல?"

"இல்ல சார்."

மேலே போய்விட்டாள். தடதடவென்று இல்லாமல், ஒப்பந்தப்படி, மெதுவாக ஏறிப் போனாள்.

மரம் வெட்டுகிறவரை மறுநாளே வேறு வேலைக்கு அனுப்பியாயிற்று. அன்றைக்கு நான் அடுப்படியில் தனியாக நின்று ஒரு ராணி மாதிரி காப்பி குடித்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். கீழே மரம் நிற்கும். மேலே ஒரு பெண் இருப்பாள். சாயங்காலம் வந்தால் படியில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம்.

அந்த இரண்டாவது மாங்காய் விழவில்லை. இரண்டு நாள் காப்பியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மூன்றாவது நாள் அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, தப்பா நினைக்காதீங்க என்று ஆரம்பித்தாள்.

"நாள் முழுக்க ஊரார் வாயையே பாத்துட்டு வர்றேன் ஆன்ட்டி. ரூமுக்கு வந்தா யார் வாயையும் பாக்கப் பிடிக்கல."

நியாயம்தான். குழாயில் சொட்டுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். சொட்டவில்லையாம்.

போகட்டும், மரத்தடி இருக்கிறது, பஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் மரத்தை வெட்ட முடியாவிட்டால் காரைக் காவல் காப்பது என்று முடிவு செய்தார். ஒரு நாற்காலியை எடுத்துப் போய் மரத்தடியில் போட்டார். நீளமான கழியின் நுனியில் பழைய துணி கட்டிப் பறவை ஓட்டினார். அன்றைக்கு வாயில் பஞ்சோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். மரத்தடியில் நிற்க ஆட்சேபம் இல்லை, ஆனால் காரின் மேல் கையை வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னார். பெரியவர் தலையை ஆட்டினார். யாராவது தலையை ஆட்டி அவர் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. இந்த மரம் ஏன் இன்னும் நிற்கிறது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு எல்லாம் சொன்னார். பெரியவரைக் கூட்டிப்போக மகன் வந்தபோது என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே அடுக்குமாடிவரைதான் வந்திருந்தார். முகம் வாடிவிட்டது.

மறுநாள் சீக்கிரமே போய் உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் இன்னொரு நாற்காலியும் கொண்டுபோய்ப் போட்டார். நான் துடைப்பத்தோடு போனால், தூசி பறக்கிறது, அப்புறம் வந்து பெருக்கு என்பார். அப்புறம் போனால் அப்போதும் யாராவது இருப்பார்கள். பல் கெட்டவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேரா என்று இருந்தது. பறவைகள் அவர் கண்ணெதிரே காரின் மேல் தங்கள் காரியத்தைச் செய்தன. கழி மரத்தில் சாய்த்தபடி கிடந்தது.

நேற்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே வீங்கிய கன்னத்தோடு ஓர் ஆள். என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசிக்கொண்டிருந்தார். அதில் விதி எதுவும் இல்லை.

"ரிடையர் ஆனதுலேர்ந்து ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. பொண்ணும் போயிட்டா. பேசறதுக்கு வீட்டுல ஆளே இல்ல."

எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார். பேச முடியாமல் கண்ணால் ஜாடை காட்டினார். என் வீட்டுக்காரர் திரும்பினார்.

"தண்ணியா? அவர் இப்பக் குடிக்கக் கூடாது, வெச்சிட்டுப் போ" என்றார்.

நான் வைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "எங்க விட்டேன்?" என்று கேட்டார்.

எங்கே விட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டது வாயில் பஞ்சு வைத்திருந்தவரை.